திருக்கடலூர் வாடியில் எழும்பாத கணினி: ஒரு கேர்னல் பேனிக்கின் பூர்வீகம்

வியாழக்கிழமை விடியற்காலை 4.10க்குப் போன் அடித்தது. திருகோணமலை, திருக்கடலூர் மீன் வாடி முதலாளி.

"தம்பி, பெட்டி எழும்புதில்ல. கறுப்பில எழுத்து ஓடி அப்பிடியே நிக்குது. கீபோட்டில லைட் மின்னி மின்னி நூருது. வள்ளங்கள் வரப்போகுது."

கடைசி வசனம்தான் அவருக்கு முக்கியம். கிழக்குக் கரைக்கு அது நல்ல பருவம். வாடைக்காற்று தொடங்கும்வரை ஒரு நாளையும் வீணாக்க மாட்டார்கள். இரவு போன வள்ளங்கள் ஐந்து மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கரையேறும். மீனை நிறுத்து, முதல் நாள் எடுத்த மண்ணெண்ணெய், ஐஸ், வலைக்கு வாங்கிய முற்பணம் எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் இரண்டு வருடமாக ஒரே ஒரு கணினியில் இருக்கிறது. அதைப் பூட்டிக் கொடுத்தவன் நான். பழைய கோர் 2 டியோ பெட்டி, டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், கணக்குக்கு லிப்ரே ஆபிஸ், பில் அடிக்க ஒரு டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர். விண்டோஸ் லைசன்சுக்குக் காசு கொடுக்க அவருக்கு மனமில்லை, களவாகப் போட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. அப்படித்தான் லினக்ஸ் வாடிக்குள் வந்தது.

பழுதைத் தீர்க்கப் பத்து நிமிடம்தான் எடுத்தது. அது என்ன பழுது என்று கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஏன் வந்தது என்று முழுதாக விளங்க இன்னும் இரண்டு நாள் பிடித்தது. அன்று வாடியில் கணக்கு நின்றதற்கு இரண்டு வேர்கள் இருந்தன, இரண்டும் 1990களுக்குள் ஓடின. அதில் ஒரு வேரைக் கொண்டுவந்து இங்கே நட்டவன் நான்தான்.

வெறும் பட்டியல்

திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். கடைசி மூன்று வரிதான் விஷயம். ரூட் டிஸ்கை, அதாவது இயங்குதளம் இருக்கும் டிஸ்கை, திறக்க முடியவில்லை என்றது முதல் வரி. ரூட் எது என்று சரியாகச் சொல், இருக்கிற பாட்டிஷன்கள் (டிஸ்கின் பிரிவுகள்) இவை என்றது இரண்டாவது. அதற்குக் கீழே பட்டியல் ஒன்று வர வேண்டும். ஒன்றுமே இல்லை. நேரே மூன்றாவது வரி: கேர்னல் பேனிக். இயங்குதளத்தின் கருவான கேர்னல் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட்டது.

பட்டியல் காலியாக இருந்தால் டிஸ்கே தெரியவில்லை என்று அர்த்தம். டிஸ்க் செத்துவிட்டது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். கேட்டதெல்லாம் அதற்குத் தோதாகவே இருந்தது. இரவு இரண்டு மணிக்கு லைட் போய் வந்ததாக முதலாளி சொன்னார். யூ.பி.எஸ். பேட்டரி செத்து மாதக்கணக்கு. கடலுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு தகரச் சுவர்தான். உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. பழைய டிஸ்க் ஒன்று, புது கேபிள் ஒன்று, திருகாணிச் சாவி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். என்.சி. வீதியில் மான்கள் நடு வீதியில் நின்றன. திருகோணமலையில் அந்த நேரத்தில் வீதி அவற்றுக்குத்தான் சொந்தம். ஹோன் அடித்தாலும் விலகாது, தானாக யோசித்துத்தான் விலகும்.

கேபிளை மாற்றினேன். அதே மூன்று வரி. பயோஸுக்குள், அதாவது பெட்டியை முதலில் எழுப்பும் மதர்போர்ட் நிரலுக்குள், போய்ப் பார்த்தால் டிஸ்க் பெயரோடு, அளவோடு அங்கே இருக்கிறது. இருபது நிமிடம் போய்விட்டது. முதலாளியின் மனைவி ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த மூன்று வரியையும் திரையில் எழுதியது கேர்னல். அந்தக் கேர்னல் எங்கிருந்து வந்தது? செத்துவிட்டது என்று நான் சொன்ன அதே டிஸ்கில் இருந்து.

அதாவது டிஸ்க் நன்றாக வாசிக்கப்படுகிறது. கிரப் என்ற பூட் லோடர் பயோஸின் உதவியோடு டிஸ்கை வாசித்து, கேர்னலை நினைவகத்தில் தூக்கி வைத்து, பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறது. அதுவரை எல்லாம் சரி. கேர்னல் கண் விழித்த பிறகு பயோஸை நம்புவதில்லை. டிஸ்கோடு பேசத் தன்னுடைய சொந்த டிரைவரைத் தேடுகிறது. அந்த டிரைவர்தான் இல்லை.

மறுபடி போட்டு, மேல் நோக்கிய அம்புக்குறியை விடாமல் தட்டினேன். கிரப் மெனு நின்றது. மெனு காத்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியாகக் குறைத்து வைத்ததும் நான்தான், பெட்டி கெதியாக எழும்பட்டும் என்று. உள்ளே போனால் ஐந்து கேர்னல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் 6.1.0, பின்னால் வரும் இலக்கம் மட்டும் வேறு. முதலாவதன் மேல் நின்று 'ஈ' பட்டனை அழுத்தினால் அந்தப் பதிவின் வரிகள் விரியும். மற்ற நான்கிலும் கடைசி வரி 'இனிட்ஆர்டி' என்று தொடங்குகிறது. முதலாவதில் அந்த வரியே கிடையாது. இன்னொரு வித்தியாசமும் கண்ணில் பட்டது. மற்ற நான்கும் ரூட் டிஸ்கை அதன் நீண்ட அடையாள எண்ணால் குறிப்பிட்டிருந்தன. இது மட்டும் முதல் டிஸ்கின் இரண்டாவது பாட்டிஷன் என்று மொட்டையாகச் சொன்னது.

வெளியே வந்து இரண்டாவதைத் தெரிவு செய்தேன். அரை நிமிடத்தில் டெஸ்க்டொப் வந்தது. மணி 5.35. முதல் வள்ளம் ஏற்கனவே கரையேறி, முதலாளி மீன் நிறையை ரெஜிபோம் பெட்டியின் மூடியில் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு டிஸ்க் மட்டும் தெரிந்த கேர்னல்

உலகத்து டிஸ்கையெல்லாம் அறிந்த கேர்னலுக்குத் தன் காலடியில் இருக்கிற டிஸ்க் தெரியாமல் போவது எப்படி? இதை விளங்கிக்கொள்ள முதலில் 1991க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஆகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தான் ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக, மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பாவனையாளர்களுக்கு அறிவித்தார். பொழுதுபோக்குக்குத்தான், குனூ திட்டம் போலப் பெரிதாக வராது என்றார். ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்கைத் தவிர வேறெதுவும் இதில் ஓடுவது சந்தேகம், ஏனென்றால் தன்னிடம் இருப்பது அது மட்டும்தான் என்றும் சொன்னார். அடுத்த மாதம் வந்த 0.01 பதிப்பு சுமார் 10,000 வரிகள். அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் சிரிப்பு வரும். இரண்டே இரண்டு டிஸ்க்குகள் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும். ஒன்று லினஸின் டிஸ்க், மற்றது அவருடைய தோழரின் டிஸ்க். எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட வேண்டும். ரூட் எந்தப் பாட்டிஷன் என்பதும் மூலநிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது ஆள் ஒருவருக்கு வேண்டுமானால் தன் டிஸ்கின் விவரத்தை எழுதித் திரும்பக் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற, வேண்டும்.

அந்தக் கேர்னலுக்கு எங்கள் வியாழக்கிழமைப் பிரச்சினை வரவே வராது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு டிஸ்க், அதுவும் பிறவியிலேயே தெரியும். (அந்த டிஸ்க்கும் தப்பவில்லை என்பது வேறு கதை. மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கட்டளையைத் தவறுதலாக டிஸ்குக்கு அனுப்பி, தன் மினிக்ஸ் பாட்டிஷனை லினஸே நாசமாக்கினார். திரும்ப மினிக்ஸ் போடவில்லை. அன்றோடு முழுதாக லினக்ஸுக்கு மாறிவிட்டார். எனக்கு ஆறுதல் தரும் கதை இது.)

அவர் ஏன் புதிதாக எழுதத் தொடங்கினார்? அந்த நேரத்தில் திறந்த கேர்னல் என்று கையில் எடுக்க ஒன்றும் இல்லை. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் ஏ.டி.&டி. நிறுவனத்தின் சொத்து. 1987இல் அண்ட்ரூ டனன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸுக்கு மூலநிரல் கிடைக்கும், ஆனால் மாற்றியதை நினைத்தபடி பிறருக்குக் கொடுக்க முடியாது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூவிடம் கம்பைலர் முதல் எடிட்டர் வரை இருந்தது, கேர்னல்தான் இல்லை. ஹர்ட் என்ற பெயரில் 1990இல் தொடங்கிய வேலை இழுபட்டது. மிச்சம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் வகையான பி.எஸ்.டி. அதை இன்டெல் 386 சிப் உள்ள சாதாரண பெட்டிக்குக் கொண்டுவந்த 386பி.எஸ்.டி. 1992இல்தான் வெளிவந்தது. அதே வருடம் ஏ.டி.&டி.யின் யுனிக்ஸ் நிறுவனம் பி.எஸ்.டி. மீது வழக்குப் போட்டது. 1994இல் சமரசமானபோது சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டி வந்தது மூன்றே மூன்று. அந்த மூன்று கோப்புக்காகக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதைத் தொட ஆட்கள் பயந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் லினக்ஸ் 1.0க்கு வந்துவிட்டது: 1994 மார்ச், 1,76,250 வரிகள். 386பி.எஸ்.டி. அப்போதே கிடைத்திருந்தால் தான் லினக்ஸைத் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று லினஸே பிறகு சொல்லியிருக்கிறார்.

லினக்ஸ் வென்றது வழக்கால்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 1992இல் லினஸ் பழைய உரிமத்தைக் கைவிட்டு, குனூவின் திறந்த உரிமமான ஜி.பி.எல்.க்கு மாறியதுதான் பெரிய திருப்பம். பழைய உரிமத்தில் காசுக்கு விநியோகிக்கத் தடை இருந்தது. அது போன பிறகுதான் வட்டில் அடித்து விற்கிறவனும், வன்பொருள் செய்கிறவனும் உள்ளே வந்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் தன்தன் டிஸ்கையும் தன்தன் கார்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று கேர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்.

விறாந்தைக்கு வந்த டிரைவர்

1992 ஜனவரியில் டனன்பாம் லினக்ஸைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். எல்லாவற்றையும் ஒரே கட்டியாக உள்ளே வைக்கும் கேர்னல் பழைய பாணி; டிஸ்க் டிரைவர், கோப்பு முறைமை எல்லாம் வெளியே தனித்தனி வேலைகளாக ஓட, நடுவில் சிறிய கரு மட்டும் இருப்பதுதான் வருங்காலம் என்றார். 386 சிப்போடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டித்தார். லினஸ் காரமாகவே பதில் சொன்னார். யார் சரி என்று இன்றும் பட்டிமன்றம் போடலாம். டனன்பாம் தோற்றார் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பிற்காலத்து இன்டெல் சிப்களின் நிர்வாகப் பகுதிக்குள் மினிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது 2017இல் தெரிய வந்தது. சத்தமில்லாமல் எத்தனை மேசைகளில் அது ஏறியிருக்கும்!

லினக்ஸில் நடந்தது நடுவழிச் சமரசம். எல்லா டிரைவரையும் ஒரே கேர்னலில் கட்டினால் நினைவகம் தாங்காது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்வது ஊருக்கு வட்டு அடித்துக் கொடுக்கிறவர்களுக்கு ஆகாது. 90களின் நடுப்பகுதிக்குள் 'மொடியூல்' முறை நிலைத்தது: டிரைவர் தனிக் கோப்பாக இருக்கும், தேவையான நேரத்தில் கேர்னல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். டனன்பாம் கேட்டது இது அல்ல. உள்ளே வந்த மொடியூல் கேர்னலின் முழு அதிகாரத்தோடுதான் ஓடும். டிரைவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை, விறாந்தைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதோடு ஒரு சிக்கலும் கூடவே வந்தது. மொடியூல் கோப்புகள் இருப்பது டிஸ்கில். டிஸ்கைத் திறக்க மொடியூல் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தின கதை. டெபியனின் கேர்னலில் சாட்டா டிஸ்க் டிரைவரும் மொடியூல், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் மொடியூல்.

இதற்குக் கண்ட வழிதான் இனிட்ஆர்டி. முதலாளிக்கு இதைத் துறைமுகத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். பெரிய கப்பல் தானாகத் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வருவதில்லை. வெளியே நிற்கும். சின்னப் போட்டில் பைலட் போய் ஏறுவார். எங்கே பாறை, எங்கே ஆழம் என்று அவருக்குத் தெரியும். கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டியதும் இறங்கிப் போய்விடுவார். இனிட்ஆர்டி அந்தப் பைலட். தேவையான மொடியூல்கள் அடங்கிய ஒரு சின்னப் பொதி. கிரப் அதைக் கேர்னலோடு சேர்த்து நினைவகத்தில் வைக்கும். கேர்னல் முதலில் அந்தப் பொதியைத் திறந்து, டிரைவரை எடுத்து, உண்மையான டிஸ்கைத் திறந்த பிறகு பொதியை விட்டுவிடும். 2.6 பதிப்புக் காலத்தில் இதன் உள்ளமைப்பு மாறி இனிட்ராம்எப்எஸ் ஆனது. பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

"அப்ப பைலட் வராத கப்பலா இது?" என்றார். அதுதான். துறைமுக வாயில் வரை வந்து, வழி தெரியாமல், இருக்கிற துறைகளின் பட்டியலைக் கேட்டால் வெறுங்கையைக் காட்டி நின்றது.

எல்லாத் திறந்த கேர்னலும் இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பி.எஸ்.டி. வழிவந்த ஃப்ரீபி.எஸ்.டி.யின் பொதுக் கேர்னலில் சாதாரண டிஸ்க் டிரைவர்கள் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். வேறு மொடியூல் வேண்டுமானால் அதன் லோடரே டிஸ்கை வாசித்துக் கேர்னல் எழும்ப முன்பே கொண்டுவந்து வைத்துவிடும். ஓபன்பி.எஸ்.டி. இன்னும் கடும்போக்கு. ஏற்றி இறக்கும் மொடியூல்களையே 2015இல் வெளிவந்த 5.7 பதிப்போடு கழற்றி எறிந்துவிட்டது. முழுக் கேர்னலும் ஒரே கோப்பு. இந்த இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் வியாழக்கிழமை இந்த வடிவத்தில் வந்திருக்காது. வேறு வடிவத்தில் வந்திருக்கும் என்பது என் அனுபவம். அந்தப் பிரின்டரை அவற்றில் ஓட வைக்க நான் பட்டிருக்கக்கூடிய பாடு தனி.

250 எம்.பி. எங்கிருந்து வந்தது

சரி, பைலட் ஏன் வரவில்லை? பழைய கேர்னலில் எழும்பிய பிறகு முதலில் பார்த்தது இடம். பிரதான பாட்டிஷனில் 400 ஜி.பி.க்கு மேல் சும்மா கிடந்தது. கேர்னல்களும் இனிட்ஆர்டிகளும் இருக்கும் பூட் பாட்டிஷன் மட்டும் தனி, மொத்தம் 250 எம்.பி. அதில் 28 எம்.பி.தான் மிச்சம். டெபியனில் ஒரு கேர்னல் 8 எம்.பி. அளவில் வரும். அந்தப் பெட்டியில் ஒவ்வொன்றின் இனிட்ஆர்டியும் 40 எம்.பி.யைத் தொட்டது. நான்கு கேர்னல் முழுதாக உட்கார்ந்திருந்தது. ஐந்தாவதன் கேர்னல் கோப்பு உள்ளே நுழைந்துவிட்டது, அதன் இனிட்ஆர்டிக்கு இடமில்லை.

யார் இப்படி 250 எம்.பி.யில் தனி பூட் பாட்டிஷன் வெட்டியது? நான். ஏன் வெட்டினேன்? வேலை பழகிய இடத்தில் அப்படித்தான் வெட்டினார்கள். அவர்கள் ஏன் வெட்டினார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் இரண்டு நாள் போனது.

90களில் லினக்ஸை எழுப்பியது லிலோ என்ற லோடர். வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதியது. டிஸ்கை வாசிக்க அது பயோஸையே நம்பியிருந்தது. அன்றைய பயோஸுக்கு 1,024 சிலிண்டருக்கு (டிஸ்கின் தடங்களை எண்ணும் அலகு) அப்பால் கண் தெரியாது. டிஸ்கின் கணக்கு முறையைப் பொறுத்து அது 504 எம்.பி.யாகவோ சுமார் 8 ஜி.பி.யாகவோ இருக்கும். கேர்னல் அந்த எல்லைக்கு அப்பால் போய் விழுந்தால் பெட்டி எழும்பாது. அதனால் டிஸ்கின் தலைமாட்டில் ஒரு சின்னப் பாட்டிஷனை வெட்டிக் கேர்னலை அதில் வை என்று வழிகாட்டிகள் சொல்லின. ஒரு ஃப்ளொப்பியில் அடங்கும் கேர்னலுக்கு அது தாராளம். 2000ஐ ஒட்டி லிலோவே அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பிறகு வந்த கிரப்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை. காரணம் போய்விட்டது, வழக்கம் நின்றுவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து, எந்த எல்லையும் இல்லாத ஒரு டிஸ்கில், நான் அந்த எல்லைக்குப் பயந்து வெட்டியிருக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. இனிட்ஆர்டியை ஹான்ஸ் லெர்மனோடு சேர்ந்து உருவாக்கியவரும் அதே அல்மெஸ்பெர்கர்தான். சின்னப் பாட்டிஷனுக்குக் காரணமான லோடரும் அவருடையது, அந்தப் பாட்டிஷனில் இன்று அடங்காமல் வழிகிற பொதியும் அவருடையது. இரண்டும் அந்தந்தக் காலத்தில் சரியான வேலைதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டு இறுக்கியது நான்.

ஞாயிற்றுக்கிழமை

"ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல, லைட்தான் போய் வந்தது" என்று முதலாளி திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்டேட் பதிவேட்டைத் திறந்தால் கதை வேறு நாளில் இருந்தது.

உயர்தரம் படிக்கிற அவருடைய மகன், நான் சொல்லிக் கொடுத்தபடி, மாதத்தில் ஒரு ஞாயிறு அப்டேட் செய்வான். பொறுப்பான பிள்ளை. நான் சொல்லிக் கொடுக்காதது ஒன்று: பழைய கேர்னல்களைத் துடைக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை. டெபியனில் புதுக் கேர்னல் வரும்போது பழையது தானாகப் போகாது, பக்கத்தில் இருக்கும். அது நல்லதற்குத்தான். அன்று எங்களைக் காப்பாற்றியதும் அந்தப் பழையதுதான். ஆனால் மாதம் ஒன்றாகச் சேர்ந்தால் 250 எம்.பி. எத்தனை நாளைக்கு?

அந்த ஞாயிறு மாலை, இனிட்ஆர்டியை எழுதும் நிரல் இடம் போதாமல் நின்றது. அந்த நிரல் ஒழுங்கானது. பாதியில் நின்ற கோப்பை விட்டுவைக்காமல் அழித்துவிட்டது. கேர்னல் பொதியின் நிறுவலும் பிழை என்று சொல்லி அங்கேயே நின்றது. கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் படி அதற்கு அடுத்தது என்பதால் அது நடக்கவில்லை. இதில் எனக்குச் சந்தோஷம்தான். அப்படியே விட்டிருந்தால் மெனுவில் பழைய கேர்னலே முதலாவதாக நின்றிருக்கும், வியாழக்கிழமை பெட்டி வழமைபோல் எழும்பியிருக்கும். பாதுகாப்பு அங்கே வேலை செய்திருக்கிறது.

பிறகு பையன் பிழைச் செய்தியைப் பார்த்திருக்கிறான். இடமில்லை என்கிறது, டிஸ்கில் 400 ஜி.பி. இருக்கிறதே என்று குழம்பியிருக்கிறான். தேடியதில் கிரப்பைப் புதுப்பித்துப் பார் என்று எங்கோ கண்டிருக்கிறான். தட்டிய கட்டளைகளின் பட்டியலில் அது அப்படியே இருந்தது. அந்தக் கட்டளை பூட் பாட்டிஷனைத் துழாவி, கிடைத்த கேர்னல் கோப்பையெல்லாம் மெனுவில் ஏற்றும். புதியதை முதலில் ஏற்றும். அதற்கு இனிட்ஆர்டி இல்லை என்பதைப் பிழையாகவும் எடுக்காது, ஏனென்றால் தேவையான டிரைவரை உள்ளேயே கட்டி, இனிட்ஆர்டி இல்லாமல் எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடையாள எண்ணை வைத்து ரூட்டைத் தேட இனிட்ஆர்டி வேண்டும் என்பதால், அது இல்லாத பதிவில் மொட்டைப் பெயரைப் போட்டுவிடும். நான் கிரப் மெனுவில் கண்ட இரண்டு வித்தியாசத்துக்கும் விடை இதுதான்.

கட்டளை பிழையில்லாமல் முடிந்தது. பையன் நிம்மதியாகப் படுத்திருப்பான். பழைய கேர்னல் நினைவகத்தில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரு குறையும் தெரியவில்லை. வியாழன் விடியற்காலை இரண்டு மணிக்கு லைட் போனதும் பெட்டி விழுந்து திரும்ப எழும்பப் பார்த்தது. லைட் போனது மூடியைத்தான் திறந்தது. உள்ளே இருந்தது ஞாயிற்றுக்கிழமையே வெந்துவிட்டது.

செய்ததும் செய்யாததும்

மிகப் பழைய இரண்டு கேர்னல்களை நீக்கினேன். பாதியில் நின்ற நிறுவலைத் தொடரச் சொன்னதும் இனிட்ஆர்டி எழுதப்பட்டது, மெனுவும் சரியாகிவிட்டது. இரண்டு முறை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். மெனு காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடியாக்கினேன். புது யூ.பி.எஸ். பேட்டரிக்கு முதலாளி முகம் சுளித்தார். ரெஜிபோம் மூடியில் எழுதிய நிறையில் ஒன்று அழிந்து ஒரு வள்ளக்காரரோடு வாய்த்தர்க்கம் வந்த பிறகு சம்மதித்தார்.

செய்யாமல் விட்டதும் ஒன்று. இனிட்ஆர்டியில் எல்லா டிரைவரையும் அடைக்காமல் இந்தப் பெட்டிக்கு வேண்டியதை மட்டும் வைக்கச் சொல்லலாம். அமைப்புக் கோப்பில் ஒரே சொல்லை மாற்றினால் போதும், 40 எம்.பி. நன்றாகக் குறைந்துவிடும். கை அதற்குப் போனது, திரும்ப எடுத்துவிட்டேன். அதைச் செய்தால் நாங்கள் திரும்ப 1991க்குப் போகிறோம்: ஒரு பெட்டி, ஒரு டிஸ்க், வேறொன்றும் தெரியாது. உப்புக்காற்றில் அந்த மதர்போர்ட் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்குத் தெரியும். அது போகும் அன்று டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் பூட்டியதும் கணக்கு எழும்ப வேண்டும். அதற்காகவாவது ஊர் டிரைவர் எல்லாம் பொதியில் இருக்கட்டும்.

சரியான வைத்தியம் தனி பூட் பாட்டிஷனையே ஒழிப்பது. கோப்புகளைப் பிரதான பாட்டிஷனுக்கு நகர்த்தி, கிரப்பைத் திரும்ப நிறுவ வேண்டும். அதில் கை தவறினால் ஒரு நாள் போகும். வள்ளம் இறங்கும் காலத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று முதலாளியும் நானும் பேசி, வாடைக்காற்று தொடங்கிக் கடல் மூடும் மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அதுவரை பையன் அப்டேட் முடிந்ததும் பழையதைத் துடைக்கும் கட்டளையைத் தட்டுகிறான். அதை ஒரு மீன் பில்லின் பின்பக்கத்தில் எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறான். அதற்குக் கீழே, இனிட்ஆர்டி இல்லாமல் எழும்பும் கேர்னலைத் தானே கம்பைல் செய்யலாமா என்று எனக்கு ஒரு கேள்வியும் எழுதி வைத்திருக்கிறான். அந்தப் பெட்டியில் வேண்டாம் தம்பி, கடைக்கு வா, அங்கே பழைய பெட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இதே 250 எம்.பி. அளவில் வெட்டிக் கொடுத்த இடங்கள் இன்னும் நான்கு உண்டு. உவர்மலையில் ஒரு ரியூட்டரி, நகரத்துக்குள் இரண்டு கடை, நிலாவெளிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி. இரண்டு கடையிலும் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றில் 31 எம்.பி. மிச்சம், மற்றதில் 19. மற்ற இரண்டுக்கும் நாளைக் காலையில் போகிறேன்.